ஒரு சிங்கி இறால், எட்டுப் பங்கு



போன வாரம் காலை நிகழ்ச்சியில், இரண்டு பாடல்களுக்கு நடுவே, "வார இறுதியில் பொந்தியானுக்குப் போய் லாப்ஸ்டர் பை செய்தேன்" என்று ஒரே ஒரு வரிதான் சொன்னேன். அடுத்த பாட்டு முடிவதற்குள் புலனத்தில் குரல் பதிவுகள் குவிந்துவிட்டன. குளுவாங்கிலிருந்து ஓர் அக்கா, "தம்பி, எந்தப் பையில போட்டுச் செஞ்சீங்க?" என்று கேட்டார். கிள்ளான் அண்ணன் ஒருவர், "வானொலியில சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்றார். மூன்றாவது குரல் ஒரு பாட்டியுடையது. "அதெல்லாம் வெள்ளைக்காரன் சாப்பாடு, நமக்கெதுக்குய்யா?" மூன்றுக்கும் பதில் சொல்ல அன்று நேரமில்லை. இந்த வாரப் பக்கம் அதற்கே.

முதல் கேள்வி சுலபம். இது தூக்கிக்கொண்டு போகும் பை அல்ல. கெட்டியான குழம்பை ஒரு தட்டில் ஊற்றி, மேலே மாவைப் போர்த்தி, ஓவனில் சுடுவது. நாம் காலையில் தே தாரிக்கோடு கடித்துக்கொள்கிற கறிபாப் இதற்குச் சின்னம்மா மகள் முறை வேண்டும். கறிபாப் எண்ணெயில் பொரிகிறது, பை ஓவனில் சுடுபடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

லாப்ஸ்டர் என்பது நம் தமிழில் சிங்கி இறால், மலாயில் ஊடாங் காரா. படத்தில் பார்க்கிற, இரண்டு பெரிய கொடுக்கு வைத்த லாப்ஸ்டர் அட்லாண்டிக் கடலைச் சேர்ந்தது. நம் பக்கத்துக் கடல்களில் கிடைக்கும் சிங்கி இறாலுக்குக் கொடுக்கு கிடையாது. முள் நிறைந்த நீண்ட மீசைதான் உண்டு. அதனால் இணையத்தில் சமையல் குறிப்புத் தேடுகிறவர்கள் "கொடுக்குச் சதை இரண்டு கிண்ணம்" என்று படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். நமக்கு வால் சதை மட்டுமே கணக்கு.

இந்தப் பை பிறந்த இடம் அமெரிக்காவின் வடகிழக்குக் கரை. மேய்ன், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் லாப்ஸ்டர் ஒரு காலத்தில் கரையில் கொட்டிக் கிடந்ததாம். ஏழைகளும் வேலைக்காரர்களும் சாப்பிடுகிற சாதாரணச் சாப்பாடாகத்தான் அது இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தகர டப்பாவும் ரயிலும் வந்து அதை ஊர் ஊராகக் கொண்டுபோன பிறகுதான் விலை ஏறியது, மரியாதையும் ஏறியது. ஆகவே "வெள்ளைக்காரன் சாப்பாடு" என்ற பாட்டிக்கு என் பதில்: ஆமாம் பாட்டி, ஆனால் காசில்லாத வெள்ளைக்காரன் சாப்பாடு.

இனி கிள்ளான் அண்ணனின் கேள்வி. சம்பளம் ஏறவில்லை. உயிருள்ள சிங்கி இறால் கிலோ மூன்று இலக்க வெள்ளியில்தான் விற்கிறது. பிறகு ஏன் வாங்கினேன் என்றால், அதற்குக் காரணம் அம்மா.

பொந்தியான்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டணத்திலிருந்து தெற்கே காரில் போனால் குக்குப். கடலுக்குள் கால் ஊன்றிய மரவீடுகள், பலகைப் பாதைகள், சனி ஞாயிறானால் சிங்கை எண் பலகை வைத்த கார்கள். எதிரே ஆளில்லாத குக்குப் தீவு. அந்தச் சதுப்பு நிலக் காடும், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயும் 2003-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. தீவுக்கும் ஊருக்கும் நடுவே மிதக்கும் கூண்டுகளில் சியாக்காப்பும் கெராப்புவும் வளர்கின்றன. ஊருக்குள் வரிசையாகக் கடல் உணவுக் கடைகள். அதில் ஒன்றின் சமையல்கட்டில், தொண்ணூறுகளில், அம்மா ஒன்பது வருடம் வேலை செய்தார். கழுவுவது, உரிப்பது, தட்டு எடுப்பது. இறாலைப் பாதியாகப் பிளந்து சீஸ் போட்டுச் சுடுவார்கள், அதை மேசை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டேன், "அது எப்படிம்மா இருக்கும்?" என்று. "எனக்கென்ன தெரியும்? ஒன்னோட விலை எனக்கு மூணு நாள் சம்பளம்" என்றார். மேசையில் மீந்ததா? "எச்சில் தட்டுல கை வைப்பாங்களாடா?" அதோடு முடித்துக்கொண்டு கீரை ஆயப் போய்விட்டார். ஒன்பது வருடம் எத்தனை நூறு இறாலைக் கழுவியிருப்பார்! ஒரு வாய் கூடத் தின்றதில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அம்மாவுக்கு இந்த மாதம் அறுபது. உணவகத்துக்கு அழைத்துப் போகலாம் என்றால், வாயைத் திறப்பதற்கு முன் விலைப் பட்டியலைத்தான் பார்ப்பார், "எனக்குப் பசியில்லை" என்பார். வீட்டில் செய்தால் இன்னொரு தொல்லை. நம் வீடுகளில் நண்டோ இறாலோ சமைத்தால் எப்படிப் பங்கு பிரியும் என்று உங்களுக்குத் தெரியும். பெரிய துண்டு அப்பாவுக்கு, அடுத்தது மருமகனுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. சட்டியில் மிச்சமிருக்கும் தலையும் குழம்பும் சமைத்தவருக்கு. "எனக்குத் தலைதான் பிடிக்கும்" என்று ஒரு வசனம் வேறு. முழு இறாலை மேசையில் வைத்திருந்தால் அன்றும் அதுதான் நடந்திருக்கும். பையில் இந்த விளையாட்டு செல்லாது. சதை எல்லாத் துண்டிலும் கலந்து கிடக்கிறது. வட்டத்தை எட்டாக வெட்டினால் எட்டுப் பேருக்கும் ஒரே பங்கு. பை செய்ய நான் முடிவெடுத்ததற்கு முழுக் காரணம் இந்தக் கணக்குதான்.

கணக்கு என்றதும் எண்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ சிங்கி இறாலில் ஓடு, தலை, மீசை எல்லாம் போகக் கையில் நிற்கும் சதை 350 கிராம் சுற்றி. எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு வாய். அதோடு 300 கிராம் வெள்ளை இறாலையும் சேர்த்தால் பை நிறையும். இப்படிக் கலப்பது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்லலாம். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற இனிப்பு என்பதால் எனக்கு அதில் வெட்கமில்லை.

பொந்தியான் மீன் கடைகளில் சிங்கி இறாலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நம் பக்கம் மலாக்கா நீரிணை, சேறும் கண்டல் காடும். பெரும்பாலான சிங்கி இறால்கள் பாறை இடுக்கையும் பவளத்தையும் விரும்புகிறவை. ஜொகூரில் இதற்குப் பேர்போன ஊர் கிழக்கே பெங்கேராங் பக்கம் உள்ள சுங்கை ரெங்கிட். அங்கே போய் வர அரை நாள் ஆகும். நான் வாங்கியது ஜொகூர் பாருவில், தொட்டியில் உயிரோடு வைத்து விற்கும் கடையொன்றில். உறைந்த வாலும் தாராளமாகப் போதும். நேரமில்லாத இளம் குடும்பங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து மெல்ல உருக விடுங்கள், வெந்நீரில் போடாதீர்கள்.

ஏன் இந்த விலை? சிங்கி இறாலின் குஞ்சு முட்டையிலிருந்து வந்ததும் கண்ணாடித் தாள் போலக் கடலில் மாதக்கணக்கில் மிதந்து திரிகிறது. பண்ணையில் முட்டையிலிருந்து வளர்த்தெடுப்பது பெரும்பாடு. அதனால் கடலில் பிடித்த குஞ்சுகளுக்கே கள்ளச் சந்தை உண்டு. குக்குப்பிலிருந்து படகில் போகிற தூரத்தில் இருக்கும் இந்தோனேசியாவில், 2016-இல் குஞ்சு ஏற்றுமதியைத் தடுத்தார்கள், 2020-இல் திறந்தார்கள், அதே ஆண்டு நவம்பரில் அந்த ஏற்றுமதி உரிம ஊழல் விவகாரத்தில் மீன்வளத் துறை அமைச்சரே கைதானார். இந்தியாவும் 2003-இல் எடைக்கட்டுப்பாடு கொண்டுவந்தது. கன்னியாகுமரி, ராமேஸ்வரம் பக்கம் வலையில் விழும் சிங்கி இறாலில், இனத்துக்கு ஏற்ப 200, 300, 500 கிராமுக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக்கூடாது. நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். வாலின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை கொத்தாக ஒட்டியிருந்தால் அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதை எனக்குச் சொன்னது எந்தப் புத்தகமும் அல்ல, அம்மாதான். நான் பெட்டியைத் திறந்ததும், "இவ்வளவு காசைக் கொட்டி... இதுல புள்ளைங்க டியூஷன் காசு கட்டியிருக்கலாம்" என்று ஒரு பாட்டம் ஆனது. பிறகு கை தானாக வேலையைத் தொடங்கியது. முள் குத்தாமல் முதுகு ஓட்டைப் பிடித்துத் தூக்கினார். "வாலை நீட்டி விடு. படக்குன்னு சுருட்டிக்கணும். தொங்குச்சுன்னா வாங்காதே, உள்ள சதை கூழாயிருக்கும்." இதற்கு அறிவியல் காரணமும் இருக்கிறது. செத்தவுடன் தலைப் பகுதியிலுள்ள செரிமான நொதிகள் வால் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். முப்பது வருடம் கழித்தும் அவர் கை எதையும் மறக்கவில்லை. நான் கைபேசியில் காணொளி பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

உயிரோடு கொதிநீரில் போடுவது பலருக்கு மனம் ஒப்பாது. சுவிட்சர்லாந்து 2018-இல் அதைத் தடை செய்தது. பிரிட்டன் 2022-இல் கொண்டுவந்த சட்டத்தில் இறால், நண்டு இனங்களும் வலி உணரும் உயிர்கள் என்று சேர்க்கப்பட்டன. அம்மாவின் கடையில் அப்போதே முதலில் ஐஸில் புதைத்துவிடுவார்களாம். காரணம் இரக்கமல்ல, துள்ளினால் கால் உடையும், வெந்நீர் தெறிக்கும் என்பதுதான். எதுவாக இருந்தாலும் வழி ஒன்றே. உறைபெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள், அசைவு முழுதும் அடங்கட்டும். பிறகு, கடல் நீர் போல உப்பிட்ட கொதிநீரில் நான்கே நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர். அதற்கு மேல் வேண்டாம், ஓவனில் மறுபடி வேகப்போகிறது. இரண்டு முறையும் முழுக்க வேக விட்டால் ரப்பர் செருப்புதான் கிடைக்கும். பச்சையும் பழுப்புமாக இருந்தது நீரில் விழுந்ததும் சிவக்கும். அந்தச் சிவப்பு நிறமி முதலிலிருந்தே ஓட்டில்தான் இருக்கிறது, ஒரு புரதம் அதைக் கட்டி வைத்திருக்கிறது. சூட்டில் புரதம் சிதைந்து நிறம் வெளிவருகிறது. அக்காள் பிள்ளைகள் இரண்டும் நாற்காலி போட்டு நின்று வேடிக்கை பார்த்த கட்டம் இதுதான்.

வால் சதையை எடுத்து, நடுவில் ஓடும் குடலை நீக்கி, கட்டை விரல் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். தலைக்குள் இருக்கும் மணல் பையையும் செவுளையும் எறிந்துவிடுங்கள், கசக்கும். ஓட்டை எறியாதீர்கள். பையின் ருசி பாதி அங்கேதான். ஓட்டையும் வெள்ளை இறாலின் தலை, தோலையும் நசுக்கி, ஒரு கரண்டி வெண்ணெயில் ஐந்தாறு சின்ன வெங்காயத்தோடு மணம் வரும் வரை வதக்கி, 600 மில்லி தண்ணீர் விட்டு இருபது நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். 250 மில்லி ஆகும் வரை வற்றட்டும்.

இப்போது குழம்பு. 40 கிராம் வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயம், இரண்டு பல் பூண்டு. வதங்கியதும் 40 கிராம் கோதுமை மாவு போட்டு இரண்டு நிமிடம் கிளறுங்கள், பச்சை வாடை போகட்டும். வடித்த சாற்றைச் சிறிது சிறிதாக விட்டு, பிறகு 150 மில்லி பால், 50 மில்லி கிரீம். தோசை மாவுப் பதத்துக்கு வந்ததும் இறக்கி, உப்பு, சரவாக் வெள்ளை மிளகு, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, இரண்டு லிமாவ் கஸ்தூரியின் சாறு. எலுமிச்சையைவிட இது நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கட்சி. குழம்பு முழுக்க ஆறிய பிறகே சிங்கி இறாலையும் பச்சை வெள்ளை இறாலையும் கலக்க வேண்டும்.

இந்த இடத்தில் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. பெரியம்மா கையில் மசாலா டப்பாவோடு வந்துவிட்டார். "ஒரு கரண்டி போடு, வாடை அடிக்கும்." நான் விடவில்லை. நம் மசாலா மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் மிளகாயும் மல்லியும் விழுந்த பிறகு கிலோ முப்பது வெள்ளி இறாலும் சிங்கி இறாலும் நாக்குக்கு ஒன்றுதான். அம்மா முதல் முறையாகச் சாப்பிடப் போவது அதன் சொந்த ருசியாக இருக்கட்டும். கடைசியில் பத்துக் கறிவேப்பிலையை வெண்ணெயில் பொரித்துப் போடுவது என்று சமாதானம் ஆனது. அது கெடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மேல்மாவுக்கு 200 கிராம் கோதுமை மாவு, 110 கிராம் வெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மஞ்சள் கரு, மூன்று மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். நம் ஊர் மதிய வெயிலில் வெண்ணெய் கை வைக்கும் முன்னே இளகிவிடும். அதனால் விடியற்காலையில் பிசைந்துவிடுங்கள். வெண்ணெயை உறைய வைத்து, தேங்காய் துருவுவது போல மாவில் துருவிவிட்டு விரல் நுனியால் உதிருங்கள். சப்பாத்திக்குப் பிசைவதைப் போல அழுத்தவே கூடாது. ஒட்டி நின்றால் போதும், சுற்றிக் குளிர்ப்பெட்டியில் ஒரு மணி நேரம். இதெல்லாம் ஆகாது என்கிறவர்களுக்கு அமெரிக்கர்களே ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். மாவுக்குப் பதில் பிஸ்கட் தூள். அவர்கள் ரிட்ஸ் பிஸ்கட்டை நொறுக்கிப் போடுவார்கள். நமக்குப் பக்கத்து மாவட்டமான பத்து பஹாட்டின் ஹப் செங் கிரீம் கிராக்கர் இருக்கிறது. பன்னிரண்டை நொறுக்கி, 60 கிராம் உருக்கிய வெண்ணெயில் பிசறி மேலே தூவினால் மொறுமொறுப்பு குறையாது.

23 சென்டிமீட்டர் தட்டில் குழம்பை ஊற்றி, மாவை விரித்து மூடி, ஓரத்தைக் கறிபாப் போல மடித்து அழுத்துங்கள். இந்த வேலையை நான் அம்மாவிடம் விட்டுவிட்டேன், அவர் மடிப்பு ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல விழும். நீராவி வெளியேற நடுவில் நான்கு கீறல். முட்டை பூசி, 200 டிகிரியில் 15 நிமிடம், 180-இல் 20 நிமிடம். கீறல் வழியே குழம்பு கொப்பளிப்பது தெரிந்தால் தயார். பிஸ்கட் தூள் போட்டவர்களுக்கு 180-இல் 25 நிமிடம், தூள் கருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்ததும் வெட்டாதீர்கள், கால் மணி நேரம் ஆறட்டும், இல்லையென்றால் வழிந்து ஓடிவிடும்.

பக்கத்தில் என்ன வைப்பது? வெண்ணெயும் கிரீமும் திகட்டும், புளிப்பாக ஒன்று வேண்டும். பொந்தியானில் இருந்துகொண்டு இதற்கு யோசிக்க வேண்டுமா? பெக்கான் நானாஸ் அன்னாசி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு தாளித்த பச்சடி.

எட்டுத் துண்டு போட்டேன். அம்மா வழக்கம் போலக் கரண்டியோடு நின்றார். அக்கா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள், மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டார். முதல் வாயை மென்றுவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இறாலைவிட இனிப்பா இருக்கு, கொஞ்சம் கெட்டியாவும் இருக்கு" என்றார். இன்னொரு வாய். "ஆனா அவ்வளவு காசுக்கு இல்லடா." அப்பா சிரித்துப் புரையேறிவிட்டது. தம் துண்டில் பாதியைப் பேத்தி தட்டில் தள்ளப் போனவரைப் பேத்தியே தடுத்தாள். "பாட்டி, எனக்கும் அதே அளவுதான் இருக்கு, பாருங்க." தட்டை வழித்துச் சாப்பிட்டார். எனக்கு அது போதும்.

இரண்டு எச்சரிக்கை. இறால், நண்டு சாப்பிட்டால் அரிப்போ மூச்சுத் திணறலோ வருகிறவர்கள் சிங்கி இறாலையும் தொட வேண்டாம். ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் இவை எல்லாவற்றிலும் ஒன்றே. அவர்களுக்கு இதே குழம்பைக் கோழியில் செய்து, தனித் தட்டில், தனிக் கரண்டியில் கொடுங்கள். ஓட்டுச் சாறும் கலக்கக் கூடாது, கோழி எலும்புச் சாறு விடுங்கள். அடுத்து, மீந்த பையை மேசையில் விடாதீர்கள். நம் வெப்பத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டிக்குப் போக வேண்டும், மறுநாளே தீர்த்துவிட வேண்டும். நுண்ணலை அடுப்பில் மேல்மாவு நமத்துப் போகும், ஓவனில் சூடாக்குங்கள்.

சாறு எடுக்கும்போதே கால்களையும் மீசையின் அடிப்பகுதியையும் அம்மா தனியாக எடுத்து ஒளித்து வைத்திருந்தார். மறுநாள் காலை அதை அம்மியில் நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, புளி கரைத்து, நண்டு ரசம் போல ஒரு ரசம். அதற்கு அளவு கேட்டேன், சொல்லவில்லை. கோலாலம்பூருக்குக் கிளம்பும்போது வெந்நீர்க் குடுவையில் ஊற்றிக் கொடுத்தார். யோங் பெங் ஓய்விடத்தில் காரை நிறுத்தி மூடியைத் திறந்தேன். பைக்கு ஒரு வாரம் திட்டம் போட்ட நான் இதைச் சொல்லக்கூடாது, ஆனால் ரசம்தான் மேல்.